மத்தியானத் தீனி

கோழிக்குப் பாட்டுப் போட்டால் முட்டை கூடும். இதை யார் சொன்னது என்று கேட்டால், ஜேடர்பாளையம் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பண்ணைக்காரரும் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். இதென்னங்க கேள்வி, ஊரே சொல்லுது என்பார். அதோடு விட்டுவிட்டால் பிழைத்தோம். விடாமல் கேட்கச் சொல்லிக் கொடுத்தவள் வித்யா டீச்சர். அதை அப்படியே பிடித்துக்கொண்டவள் அவளிடம் படிக்கிற தனப்பிரியா. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

வித்யா அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். புருஷன் மயில்சாமிக்குக் கோழிப்பண்ணை. வாயைத் திறந்து ஒரு தாலாட்டுக்கூடப் பாடத் தெரியாத அந்த மனுஷனுக்கு ஊரில் 'பாட்டுப்பண்ணைக்காரர்' என்று பேர். குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்தில் வாசித்த நாதஸ்வரத்தைப் பதிவு பண்ணி வைத்திருந்தார். காலையில் வெளிச்சம் வந்ததும் ஒருமுறை, பொழுது சாயும்போது ஒருமுறை, கொட்டகையில் அதைப் போட்டுவிட்டுத்தான் தீனி வண்டி நகரும். பாட்டுப் போட ஆரம்பித்த பிறகு முட்டை கூடியது என்பது அவர் கணக்கு. தீவனக் கடைக் கூட்டத்தில் ஒருமுறை எழுந்து அதைச் சொன்னார். அன்றைக்கு விழுந்த மாலையின் ஈரம் அவர் கழுத்தில் இன்னும் காயவில்லை.

இந்த வருஷம் பள்ளியில் கண்காட்சி என்றதும் மற்ற வாத்தியார்கள் எரிமலை, காற்றாலை என்று தெர்மாகோலை அறுக்கப் போனார்கள். வித்யாவுக்கு அதில் அலுப்பு. கடைசி மணி அடித்ததும் பிள்ளைகளை ராஜவாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போனாள். வெற்றிலைக்கொடிக்கால் ஓரம், தண்ணீர் குளுகுளுவென்று போகிற இடம்.

"கண்ண மூடிக்கங்க. காதுல விழுகறத மட்டும் எழுதுங்க. மனசுல நெனைக்கறத எழுதாதீங்க."

கவின் என்கிற பையன் எழுதியிருந்தான்: கொக்கு சோகமாகக் கத்தியது.

"சோகம் கொக்குக்கா சாமி, உனக்கா?"

"எனக்குத்தான் டீச்சர். பசிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு வித்யா தன் செல்போனில் இருந்த அந்த நாதஸ்வரத்தைப் போட்டாள். என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னாள். முக்கால்வாசிப் பேர் 'கல்யாணம்' என்று எழுதினார்கள்.

"கல்யாணம் காதுல கேக்காது கண்ணுகளா. நாதஸ்வரம் கேக்கும், தவில் கேக்கும். கல்யாணம் நீங்களாச் சேத்துக்கிட்டது. உலகத்துல பாதி வம்பு இப்படித்தான் வருது. கேட்டது இத்துனூண்டு, சேத்துக்கிட்டது வண்டி வண்டியா."

அன்றிலிருந்து ஆளுக்கு ஒரு சங்கதி எடுத்துக்கொண்டார்கள். மயில் அகவினால் மழை வருமா, செடிக்குப் பாட்டுப் பாடினால் வளருமா, தவளை எதற்குக் கத்துகிறது. ஊரில் விசாரிக்க வேண்டும். யார் சொன்னார்கள், அவர்கள் கண்ணால் பார்த்தார்களா, இல்லை அவர்களுக்கும் இன்னொருத்தர் சொன்னாரா? அந்த இன்னொருத்தரையும் போய்ப் பார்க்க வேண்டும்.

தனப்பிரியாவின் அப்பா முட்டை லாரி ஓட்டுகிறார். அந்தப் பெண் கோழியை எடுத்துக்கொண்டாள். தீவனக் கடையில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்தாள். ஸ்பீக்கர் கம்பெனிக்காரனைக் கேட்டால் யூட்யூப் வீடியோவைக் காட்டினான். வீடியோக்காரனுக்கு போன் போட்டால் பேப்பரில் வந்த செய்தியைச் சொன்னான். பேப்பர்காரர் தீவனக் கடைக் கூட்டத்தைச் சொன்னார். ஒருநாள் வகுப்பில் எழுந்து நின்றாள்.

"டீச்சர், எல்லாரும் ஒரே எடத்தைத்தான் காட்டறாங்க."

"எந்த எடம்?"

"உங்கூடுங்க டீச்சர்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. வித்யாவும் சிரித்தாள். சாயங்காலம் புருஷனிடம் சொன்னபோது அவருக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தியா? நோட்டீஸ்ல இருக்குது, வீடியோல இருக்குது, பேப்பர்ல இருக்குது. இத்தனை பேர் சொல்றாங்கன்னா நெசமில்லாமயா?"

"அத்தனை பேரும் நீங்கதானுங்களே."

"அதுக்கென்ன இப்ப? ஆராச்சியும் பண்ணட்டும், நம்ம கொட்டகைக்கே வந்து பாக்கச் சொல்லு. வெளிய மட்டும் காலைக் கழுவிட்டு உள்ள வரோணும்."

இது வரைக்கும் சிரிப்புத்தான். சிரிக்க முடியாதபடி இன்னொன்று அதற்குள் வித்யாவின் அண்ணன் வீட்டில் நடந்திருந்தது.

அண்ணன் சரவணமுத்து பக்கத்திலேயே இருக்கிற வேலூரில் புதிதாகக் கொட்டகை போட்டிருந்தான். குஞ்சாக எடுத்து வளர்க்கிற பொறுமை அவனுக்கு ஏது? மயில்சாமியின் பண்ணையில் வளர்ந்து முட்டைக்கு வரும் பருவத்தில் இருந்த கோழிகளை அப்படியே வாங்கிக் கூண்டில் ஏற்றினான். மச்சானுக்கென்று மயில்சாமி அந்த நாதஸ்வரத்தையும் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது சீர் வைப்பதுபோல, கோழிக்குப் பாட்டுச் சீர்.

பங்குனி பிறந்து வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாள். கொட்டகையில் வேலை செய்கிற குடும்பம் ஊர் நோம்பி, திருவிழா என்று போயிருந்தது. சரவணமுத்துவுக்குத் திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணம். கிளம்பும்போது பாட்டை நாளெல்லாம் ஓடுகிற மாதிரி வைத்துவிட்டுப் போனான். பொண்டாட்டி பெரியநாயகி ஒருத்திதான் வீட்டுக்கும் கொட்டகைக்கும் காவல். அவன் மொய் எழுதிவிட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கூண்டுகளில் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு செத்துக் கிடந்தன. ஒரு வரிசை முழுக்கப் போய்விட்டது, அடுத்த வரிசை போய்க்கொண்டிருந்தது. பெரியநாயகி ஈரச் சாக்கைத் தூக்கிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தாள்.

கோழி வளர்க்கிற எல்லோருக்கும் ஒன்று தெரியும். வெயில் ஏறிய பிறகு கோழிக்குத் தீனி காட்டக் கூடாது. மத்தியானத்தில் தின்றால் உடம்புக்குள் சூடு ஏறிச் செத்துப்போகும். அந்நேரம் அது மயங்கின மாதிரி சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கால்நடை டாக்டர் வந்து செத்த கோழியை அறுத்துப் பார்த்தார். தீனிப்பை கல்லு மாதிரி நிறைந்திருந்தது.

"வெயில் நேரத்துல தின்னிருக்குதுங்க" என்றார் டாக்டர்.

"மத்தியானம் தீனி கொட்டியிருக்கற" என்றான் சரவணமுத்து, பெரியநாயகியைப் பார்த்து.

"ஐயோ, நான் கொட்டலீங்க. காலையில போட்டதுதான் தொட்டியில மிச்சம் கெடந்துச்சு."

"மத்தியானத்துல கோழி தானா எந்திரிச்சுத் திங்குமா? எவனைக் கேட்டாலும் சொல்லுவானே! செஞ்சதையும் செஞ்சுட்டுப் பொய் வேற."

அவனுக்குக் கோபம் வந்தால் வார்த்தை நிற்காது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள், டாக்டர் எல்லோரும் நிற்க நிற்க, கையெழுத்துப் போடத் தெரிந்தவளைத் தற்குறி என்றான், தரித்திரம் பிடித்தவள் என்றான். பெரியநாயகி மறுநாளே மேச்சேரியில் இருக்கிற பொறந்த ஊட்டுக்குப் போய்விட்டாள். யாரும் தடுக்கவில்லை. வித்யாகூட, நங்கையா அசதியில் மறந்தாப்பலக் கொட்டியிருப்பாள் என்றுதான் நினைத்தாள். அண்ணன் பொண்டாட்டியை இந்தப் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவது வழக்கம்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை தனப்பிரியாவும் கவினும் வித்யா வீட்டுப் பண்ணைக்கு வந்தார்கள். மயில்சாமி தீவன மில்லுக்குப் போயிருந்தார். வெயில் கூரைத் தகட்டில் சடசடத்தது. கோழிகள் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒன்றுகூட அசையாமல் உட்கார்ந்திருந்தன.

"டீச்சர், காலையில பாட்டுப் போடறப்ப வீடியோ எடுத்துட்டமுங்க. அப்பத் தீனியும் வருது. பாட்டுக்கு எந்திரிக்குதா, தீனிக்கு எந்திரிக்குதான்னு தெரியலீங்க. தீனி இல்லாம ஒருக்காப் போட்டுப் பாக்கலாங்களா?"

புத்திசாலித்தனமான கேள்வி. வித்யாவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "சித்த நேரந்தான் சாமி" என்று சொல்லிப் பாட்டைப் போட்டாள். கவின் செல்போனைத் தூக்கிப் பிடித்தான்.

நாதஸ்வரம் ஒரு இழுப்பு இழுத்ததுதான் தாமதம். கொட்டகை முழுக்க, அத்தனை கூண்டிலும், அத்தனை கோழியும் தடதடவென்று எழுந்தது. கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டிக் காலித் தொட்டியைக் கொத்தியது. ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு கத்தியது. தொட்டியின் மூலையில் ஒட்டியிருந்த தூளைக்கூட விடவில்லை.

"நிறுத்து, நிறுத்து!" என்று வித்யாவே ஓடிப்போய் அணைத்தாள்.

கோழிகள் உடனே உட்காரவில்லை. வாயைப் பிளந்து மூச்சு வாங்கின.

"அட கெரகமே, பாட்டுன்னா அதுங்களுக்குத் தீனி மணி டீச்சர்!" என்றான் கவின். "நம்ம சத்துணவு பெல்லு மாதிரி."

தனப்பிரியா சிரிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துத் தன் போனில் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுப் பார்த்தாள். ஒரு கோழியும் திரும்பவில்லை. அடுத்த நாள் கவினின் மாமா பண்ணைக்குப் போய் இதே நாதஸ்வரத்தைப் போட்டார்கள். அங்கே கோழிகளுக்கு அது பழக்கமில்லாத சத்தம், உட்கார்ந்தவை உட்கார்ந்தபடியே இருந்தன. இன்னொன்றும் கண்டுபிடித்திருந்தாள். மயில்சாமி பாட்டுப் போட ஆரம்பித்த அதே மாசம்தான் கிழட்டுக் கோழியைக் கழித்துவிட்டு இளங்கோழி விட்டிருந்தார். முட்டை கூடாமல் என்ன செய்யும்?

அதெல்லாம் வித்யாவின் காதில் சரியாக விழவில்லை. இதே கொட்டகையில் குஞ்சிலிருந்து இந்தப் பாட்டுக்குத் தின்று வளர்ந்த கோழிகள்தான் அண்ணன் கூண்டில் இருந்தவை. வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில் அங்கே அந்தப் பாட்டுத் திரும்பத் திரும்ப ஓடியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் எழுந்து எழுந்து, காலையில் மிச்சம் கிடந்த தீனியைத் தின்று தீர்த்திருக்கின்றன. நங்கையா ஒரு பிடிகூடக் கொட்டவில்லை. டாக்டர் சொன்னது 'தின்னிருக்குது' என்று மட்டும்தான். கொட்டினாள் என்பது அண்ணன் சேர்த்துக்கொண்டது. அதை நானும் நம்பினேனே என்று வித்யா தன்னையே நொந்துகொண்டாள்.

அன்று பொழுதோடு மயில்சாமி அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். வித்யா எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். செல்போனில் வீடியோவைக் காட்டினாள். அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"செரி. இப்ப என்னங்கற நீ? உங்கண்ணன் கோழி செத்ததுக்கு நாந்தான் காரணமா?"

"நீங்க காரணம்னு சொல்லலீங்க. நங்கையா காரணம் இல்லீங்கறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் வித்யா."

அவர் சொன்னது நிஜம்தான்.

"நானா அவனை மத்தியானத்துல போடச் சொன்னேன்?"

"தீவனக் கடைக் கூட்டத்துல சொல்லியிருக்கறீங்க. 'நாளெல்லாம் ஓட உடுங்க, அத்தனையும் முட்டை'ன்னு. நாமதான் நாளெல்லாம் போடறதில்லையே, அப்பறம் ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

"நாமளும் நாளெல்லாம் போட்டா அந்தச் சத்தத்தை எவன் தாங்கறது!" என்று எரிந்து விழுந்தவர், தானே அதைக் கேட்டு அசந்துபோனார். கையை உதறிவிட்டு எழுந்தார். வாய் கொப்பளித்துவிட்டு வந்து, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "இந்தா பாரு. நானென்ன வேணும்னா சொன்னேன்? மேடையில மைக்கைக் குடுத்தாங்க, வாய்க்கு வந்தது. உங்கண்ணனுக்கு இது தெரிஞ்சா ஒறவே அத்துப்போயிரும். ஊர்ல நாளைக்கு எவன் கோழி செத்தாலும் என்ற தலையைத்தான் உருட்டுவானுங்க. நான் அந்தக் கடைப் பக்கம் தலை காட்ட வேண்டாமா?"

"நங்கையா அங்க அழுதுட்டுக் கெடக்கறாங்க."

"புருஷன் பொண்டாட்டிச் சண்டை. எத்தனை நாளைக்கு? நோம்பி வந்தா தன்னால வந்துருவா. நீ அந்தப் புள்ளைககிட்டச் சொல்லி என்ற பேர மட்டும் எடுத்துரு. மத்ததெல்லாம் இருந்துட்டுப் போகட்டும்."

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் வித்யாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கல்யாணமாகி வந்த பிறகு, படிப்பை முடி என்று பி.எட். காலேஜ் வாசலில் வண்டியில் கொண்டுபோய் விட்டவர். அந்த மனுஷன் மாலை போட்டுக்கொண்டு நின்றது வாழ்க்கையிலேயே ஒரே ஒரு தடவைதான்.

சொல்லிவிடலாம் என்றுதான் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு மேச்சேரிக்குக் கிளம்பினாள். சங்ககிரியில் பஸ் மாறி, மேட்டூரில் இன்னொரு பஸ் மாறி, உச்சி வெயிலில் போய் இறங்கினாள். பெரியநாயகியின் பொறந்த வீட்டில் ஆடுகள் வேப்பமரத்து நிழலில் ஒட்டிப் படுத்திருந்தன. பெரியநாயகி முறத்தில் நிலக்கடலையை வைத்துத் தொலித்துக்கொண்டிருந்தாள். ஆளே பாதியாகிவிட்டாள்.

"வாம்மிணி. இந்த வெயில்ல வந்திருக்கறயே. இரு, மோரு கொண்டாரேன்."

மோர் வந்தது. பிறகு கம்மஞ்சோறும் சின்ன வெங்காயமும் வந்தன. வேண்டாம் என்றாலும் விடவில்லை. சோற்றைக் கரைத்துச் சொம்பில் ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்கண்ணன் சாப்படறாரா?"

"கடையில வாங்கித் திங்கறாருங்க."

"அவருக்குக் கடைச்சோறு சேராதே." கடலையை உடைத்துக்கொண்டே சொன்னாள். "மொதல்ல எனக்கு ரோசந்தான் அம்மிணி. நான் கொட்டலைன்னா கொட்டலைதான், எவன் சொன்னா என்னன்னு வந்துட்டேன். இப்ப எனக்கே வெசனமா இருக்குது."

"என்னங்க நங்கையா?"

"கண்ண மூடுனா நான் தீனிக்கூடையத் தூக்கிட்டு நடக்கறாப்பலயே தெரியுது. தொட்டியில கொட்டற சத்தங்கூடக் கேக்குது. அது காலையில கொட்டுனதா, மத்தியானம் கொட்டுனதான்னு ஒண்ணும் புரிய மாட்டீங்குது. உங்கண்ணன் சொல்றாரு, டாக்டர் சொல்றாரு, பக்கத்துத் தோட்டத்துக்காரங்க சொல்றாங்க. எங்கம்மாகூட 'மறந்தாப்பலக் கொட்டியிருப்ப கண்ணு, ஒத்துக்கிட்டுப் போயேன்'ங்கறா. அத்தனை பேருமா பொய் சொல்லுவாங்க? எனக்குத்தான் புத்தி பெரண்டுபோச்சாட்டம் இருக்குது."

வித்யா சொம்பைக் கீழே வைத்தாள். சொல்லு, சொல்லு என்று உள்ளே ஒன்று இடித்தது. செல்போன் பைக்குள்ளேயே இருந்தது, எடுத்து நீட்டினால் முடிந்தது. 'ரெண்டும் ஒண்ணுதான் வித்யா' என்று புருஷன் சொன்னதும் கூடவே வந்தது. நங்கையாவுக்குத் தெரிந்தால் அண்ணனுக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரிந்தால் வேலூர்ச் சந்தைக்கே தெரியும்.

"கண்காட்சி முடியட்டுங்க நங்கையா" என்றாள் கடைசியில். "அப்பறமா நானே வந்து அண்ணன்கிட்டப் பேசறேன். நீங்க மனசைப் போட்டு ஒழப்பிக்காதீங்க."

"உனக்குப் புண்ணியமாப் போகும் போ" என்றாள் பெரியநாயகி. பஸ் ஏறும்போது ஒரு பை நிறையக் கடலை கட்டிக் கொடுத்தாள். அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வித்யா வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். சீ, நானும் ஒரு டீச்சரா என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் தனப்பிரியா பெரிய சார்ட்டைக் கொண்டுவந்து விரித்தாள். நோட்டீஸிலிருந்து கம்பெனி, கம்பெனியிலிருந்து வீடியோ, வீடியோவிலிருந்து பேப்பர் என்று அம்புக்குறி போய்க் கடைசியில் ஒரு கட்டத்தில் நின்றது. கட்டத்துக்குள் மயில்சாமி என்று அழகாக எழுதியிருந்தாள்.

"இந்தப் பேர வேண்டாம் கண்ணு. 'ஒரு பண்ணையாளர்'னு போட்ரு."

"ஏனுங்க டீச்சர்?"

"சொன்னாச் செய்யி."

தனப்பிரியா அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தாள். "பேர் போடாத சங்கதிய நம்பக் கூடாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

அவள் எதிர்த்துப் பேசவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வித்யா மேசை மேல் கிடந்த வருகைப் பதிவேட்டைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டாள். தனப்பிரியா வெள்ளைக் காகிதத்தை வெட்டி, பேரின் மேல் ஒட்டி, 'ஒரு பண்ணையாளர்' என்று எழுதினாள். அந்தக் கையெழுத்து மட்டும் கோணலாக இருந்தது.

கண்காட்சி அன்று பள்ளி வாசலில் ஐஸ் வண்டி, பஞ்சுமிட்டாய் என்று ஒரே கூட்டம். பெற்றவர்கள், சொந்தபந்தம், ஒறம்பரை என்று சுற்றுவட்டாரமே வந்திருந்தது. மயில்சாமியும் வெள்ளை வேட்டியில் வந்து கதவு ஓரமாக நின்றார். கோழி மேசையைச் சுற்றிப் பண்ணைக்காரர்கள் மொய்த்திருந்தார்கள். கவின் லேப்டாப்பில் வீடியோவை ஓட்ட, தனப்பிரியா சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இதுங்க பாட்டை ரசிக்கலீங்க. குஞ்சுலருந்து பாட்டுப் போட்டுத் தீனி போட்டதால, பாட்டுக் கேட்டாத் தீனின்னு நெனைக்குதுங்க. அதனால இந்தக் கோழிகளுக்கு வெயில் நேரத்துல இந்தப் பாட்டுப் போடக் கூடாதுங்க. தொட்டியில இருக்கற மிச்சத்தையும் எந்திரிச்சுத் தின்னுரும்."

"அப்படிப் போடு!" என்று ஒருவர் கையைத் தட்டினார்.

அந்த நேரம் பார்த்து வித்யாவின் அண்ணன் உள்ளே வந்தான். அவன் பின்னாலேயே, தலையைக் குனிந்துகொண்டு, பெரியநாயகி. வித்யாவுக்குத் திக்கென்றது.

"எப்ப வந்தீங்க நங்கையா?"

"நேத்து" என்றாள் பெரியநாயகி.

சரவணமுத்து வீடியோவைப் பார்த்தான். நாதஸ்வரம் அவனுக்குத் தெரியாதா? முகம் கொஞ்சம் மாறியது. மாறியதை உடனே சரிபண்ணிக்கொண்டான்.

"புள்ளைக நல்லாத்தான் பண்ணியிருக்குது. ஆனா எங்கூட்டு விசயம் அதில்லைங்க" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சத்தமாகச் சொன்னான். "எங்க கோழி செத்தது தீனி கொட்டித்தான். இவளே ஒத்துக்கிட்டா. நேத்து வந்து, ஆமாங்க, நாந்தான் கொட்டிட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு கால்ல உழுந்துட்டா. செரி போன்னு உட்டுட்டேன். செஞ்சவளே ஒத்துக்கிட்ட பொறவு இதுக்கு மேல என்ன ஆராச்சி?"

சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். பெரியநாயகி முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள். அண்ணன் பேச்சை வித்யா பாதிதான் கேட்டாள். கண்காட்சி முடியட்டும் என்று சொல்லிவிட்டு வந்த அந்த நாலு நாளில் இந்த மனுஷி, செய்யாததைச் செய்தேன் என்று சொல்லிக் காலில் விழுந்திருக்கிறாள்.

தனப்பிரியா ஒருதரம் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் சார்ட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பெண் பெரியநாயகியின் பக்கம் திரும்பினாள். அவளுக்கு இது எந்த வீட்டுச் சண்டை என்றெல்லாம் தெரியாது. மேசைக்கு வந்த எல்லோரையும் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"ஏனுங்க அத்தை, நீங்க மத்தியானம் கொட்டுனது உங்களுக்கே ஞாபகம் இருக்குதுங்களா?"

பெரியநாயகி நிமிர்ந்தாள். சின்னப் பெண் மரியாதையாகக் கேட்டதற்கு உண்மையான பதிலைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, கொஞ்சம் யோசித்தாள்.

"எல்லாரும் சொல்றாங்களே சாமி" என்றாள்.

வித்யாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். சார்ட்டில் ஒட்டியிருந்த வெள்ளைக் காகிதத்தை நகத்தால் கிழித்தாள். பாதி வந்தது, பாதி ஒட்டிக்கொண்டது. அந்தப் பாதியே போதுமாக இருந்தது.

"பாட்டுப் போட்டா முட்டை கூடும், நாளெல்லாம் போடுங்கன்னு சொன்னது எங்கூட்டுக்காரருங்க. அவருக்கு யாருஞ் சொல்லல, அவரும் பரிசோதிச்சுப் பாக்கல. அண்ணா, உங்கூட்டுக் கோழி எங்க கொட்டகையில இந்தப் பாட்டுக்குத் தின்னு வளந்தது. அன்னைக்கு நீங்கதான் நாளெல்லாம் ஓடற மாதிரி வெச்சுட்டுப் போனீங்க. நங்கையா கொட்டல." நிறுத்தாமல் சொன்னாள். "பேர எடுக்கச் சொன்னது நானு. அந்தப் புள்ளை மேல தப்பில்லை."

கூட்டத்தில் யாரோ "அட!" என்றார்கள். பண்ணைக்காரர்கள் கதவுப் பக்கம் திரும்பினார்கள். மயில்சாமி ஒரு நிமிஷம் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டியபடி வெளியே போனார். அவர் வண்டி கிளம்புகிற சத்தம் வகுப்பறைக்குள் கேட்டது. இனி வீட்டுக்குப் போனால் என்ன பேச்சு இருக்கும், பேச்சே இருக்குமா என்று வித்யாவுக்குத் தெரியவில்லை.

"என்ன அம்மிணி சொல்ற? பொஞ்சாதியே ஒத்துக்கிட்டாளேன்னு நான்..." என்று சரவணமுத்து இழுத்தான்.

பெரியநாயகி வித்யாவின் அருகில் வந்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மேச்சேரிக்கு வாரதுக்கு முந்தியே தெரியுமுங்க நங்கையா."

பெரியநாயகி அவளையே பார்த்தாள். திட்டியிருந்தால் வித்யா வாங்கிக்கொண்டிருப்பாள். அழுதிருந்தால் கூடச் சேர்ந்து அழுதிருப்பாள். பெரியநாயகி இரண்டும் செய்யவில்லை. அவளை விலக்கிக்கொண்டு மேசைக்குப் போனாள். லேப்டாப்புக்கு முன்னால் கிடந்த பிள்ளைகள் உட்காருகிற சின்ன ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அதப் போடு சாமி" என்றாள் தனப்பிரியாவிடம்.

நாதஸ்வரம் எழுந்தது. கொட்டகை முழுக்கக் கோழிகள் எழுந்தன. கழுத்தை நீட்டித் தொட்டியைக் கொத்தின.

"ஆருங் கொட்டலீல்ல?"

"ஆருங் கொட்டலீங்க அத்தை. தொட்டி காலிங்க."

"மத்தியானமா இது?"

"மத்தியானந்தானுங்க."

வீடியோ முடிந்தது. திரை கறுத்தது. சரவணமுத்து பின்னால் நின்று, "எந்திரி, போலாம்" என்றான் மெதுவாக. பெரியநாயகி திரும்பவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டாள்.

"இன்னொருக்காப் போடு சாமி."